பக்ஹார்ன் ஓடையில் இறங்கிய மண்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தேவாலயப் படியிறங்கும்போதே வெல்டாவுக்கு அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்து மேட்டிலிருந்து வந்தது. மற்றவர்களுக்கு அது ஏதோ ஒரு புல்டோசர். அவளுக்குத் தன் வீட்டுப் புல்டோசர். பின்னால் எடுக்கும்போது ஒருமுறை இருமிவிட்டுத்தான் நகரும். இருபது வருஷமாகக் கேட்டுப் பழகிய இருமல்.

"உன் வீட்டுக்காரருக்கு முதுகுவலின்னு சொன்னியே வெல்டா?" என்றாள் போதகரின் மனைவி. குரலில் தேன் வழிந்தது.

"ஆமா. ஜெபம் பண்ணேன், உடனே சரியாயிடுச்சு போலிருக்கு," என்று சொல்லிவிட்டு வெல்டா வண்டியில் ஏறினாள்.

மேட்டுக்குப் போகும் பாதை நெடுக மார்ச் மாதத்து ஈரம். காட்டோரத்தில் ஊதாப் பூ மரங்கள் இலை விடுவதற்கு முன்பே பூத்து நின்றன. அந்த மேடு ஒரு காலத்தில் ட்ரெட்வே குடும்பத்துடையது. கிழவர் சாகும்போது ஓடையோரப் புல்வெளியை மூத்தவன் ஹோபர்ட்டுக்கும், மேட்டை இளையவனான வெல்டாவின் கணவன் ராய்ஸுக்கும் எழுதிவைத்தார். ஹோபர்ட் மாடு வளர்த்தான். ராய்ஸ் ஒரு புல்டோசரும் ஒரு பொக்லைனும் வைத்துக்கொண்டு டென்னசியின் கிழக்கு மூலையில் யார் வீடு கட்டினாலும் மண் வெட்டிக் கொடுத்தான். போன வருஷம் மெர்சர் என்ற கட்டடக்காரனுக்கு மேட்டை விற்றுவிட்டான். கிடங்கு கட்டப் போகும் மெர்சர் மண்வேலையை ராய்ஸுக்கே கொடுக்கவேண்டும் என்பது பேச்சு. அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோயிற்று.

மண்ணைத் திறப்பதற்குச் சட்டம் இருந்தது. மேட்டை வழிப்பதற்கு முன்னால் அடிவாரத்தில் ஒரு வண்டல் குட்டை வெட்டவேண்டும். மழைத்தண்ணீர் அதில் வந்து நின்று, சேற்றைக் கீழே இறக்கிவிட்டு, தெளிந்தபிறகுதான் ஓடைக்குப் போகலாம். குட்டை முடியாமல் கீழ்ப்பகுதியில் ஒரு மரத்தைக்கூடத் தொடக்கூடாது. வாரத்துக்கு இரண்டு தடவை, பயிற்சி பெற்ற ஒருவர் இடத்தைச் சுற்றி நடந்து, கண்ணால் கண்டதைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, வாசலில் நட்டிருக்கும் தபால்பெட்டியில் வைக்கவேண்டும். அந்தப் பயிற்சி அட்டை வெல்டாவிடம் இருந்தது. மாநிலத்தார் நடத்திய இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்து, பொறியாளர்களைவிட அதிக மதிப்பெண் வாங்கிவந்த அட்டை.

வாசலில் வண்டியை நிறுத்தியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கீழ்ப்பகுதி ஆறு ஏக்கரும் தோலுரித்த மாதிரி கிடந்தது. வெள்ளிக்கிழமை வரைக்கும் நின்ற மரங்கள் ஒரு மூலையில் குவியலாகக் கிடந்தன. குட்டை வெட்டவேண்டிய இடத்தில் இளஞ்சிவப்பு நாடா கட்டிய நாலு குச்சிகள் மட்டும் காற்றில் ஆடின. அதற்குக் கீழே முழங்கால் உயரக் கறுப்புத் துணி வேலி. அதற்கும் கீழே ஓடை.

ராய்ஸ் இவளைப் பார்த்தும் இரண்டு நடை ஓட்டிவிட்டுத்தான் இஞ்சினை அணைத்தான்.

"குட்டை எங்க ராய்ஸ்?"

"வரும்."

"எப்ப வரும்? நீ செத்தப்புறமா?"

"புதன்கிழமை கான்கிரீட் ஆளுங்க வர்றாங்க. மேல தளம் சமமாகணும். அதுக்கு மண்ணு கீழேருந்துதான் எடுக்கணும். மெர்சர் சொல்லிட்டான்."

"மெர்சர் சொன்னா கர்த்தர் சொன்ன மாதிரியா? நான் கோயிலுக்குப் போற நேரம் பாத்து ஏறியிருக்கே. முதுகுவலியாம், முதுகுவலி!"

"நீ இருந்தா விடமாட்டே. அதான்," என்றான் ராய்ஸ். ஒளிக்காமல் சொன்னதுதான் அவளுக்கு அதிகமாக எரிந்தது. "ஒரு வாரம் வெல்டா. ஒரே வாரம். அப்புறம் நீ கேக்கற குட்டையை வெட்டித் தர்றேன், வாத்து விட்டு வளத்துக்கோ."

"வானம் உன் ஒரு வாரத்துக்குக் காத்துக்கிட்டு நிக்குமா?"

அவன் இஞ்சினைக் கிளப்பினான். அது இருமிவிட்டு நகர்ந்தது.

திங்கட்கிழமை காலை வெல்டா ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு இடத்தைச் சுற்றி நடந்தாள். செம்மண் பூட்ஸில் அப்பி, காலுக்கு இரண்டு கிலோ கூடியது. துணி வேலியை ஒவ்வொரு முளையாக ஆட்டிப் பார்த்தாள். துணியின் அடி விளிம்பை மண்ணுக்குள் அரையடி புதைத்து மிதிக்கவேண்டும். பல இடங்களில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. குனிந்து விரலை விட்டால் மறுபக்கம் விரல் வந்தது. எல்லாவற்றையும் எழுதினாள். 'குட்டை வெட்டப்படவில்லை. ஆறு ஏக்கர் திறந்து கிடக்கிறது. மண்ணுக்கும் ஓடைக்கும் நடுவில் துணி வேலி தவிர எதுவும் இல்லை. வேலியும் சரியில்லை.' கையெழுத்துப் போட்டாள். மேல் தாளைத் தபால்பெட்டியில் வைத்துவிட்டு, அடியிலிருந்த மஞ்சள் நகலை வழக்கம்போல வண்டிக்குள் போட்டாள்.

கீழே கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் ஹோபர்ட் நின்றிருந்தான். கழுத்தில் கேமரா. தினமும் இரண்டு வேளை, மாட்டுக்குத் தீனி போடுகிற மாதிரி, வந்து படம் எடுத்துவிட்டுப் போவான்.

"நல்லா எழுது வெல்டா, நல்லா எழுது," என்றான். "புருஷன் கிழிக்கறான், பொண்டாட்டி எழுதறா. நல்ல குடும்பம்."

"ஹோபர்ட், நாளன்னைக்கு மழைன்னு சொல்றாங்க. ரெண்டு அங்குலமாம்."

"மூணுங்கறாங்க."

"உங்க கொட்டகையில பழைய வைக்கோல் கட்டு அடுக்கி வெச்சிருக்கீங்களே, ஒரு நூறு கட்டு குடுங்க. காசு குடுத்துடறேன். வேலிக்குப் பின்னால அடுக்கி முளை அடிச்சிட்டா பாதி மண்ணாவது நிக்கும். பரப்பியும் விடலாம்."

ஹோபர்ட் சிரித்தான். சிரிக்கும்போது அசல் ராய்ஸ் மாதிரியே இருந்தான்.

"அது எதுக்கு நிக்கணும்?"

"ஓடைக்கு வந்துடும்ல!"

"வரட்டும்."

"உங்க மாடு குடிக்கற தண்ணி ஹோபர்ட்!"

"மாட்டுக்குக் குழாய்த் தண்ணி காட்டிக்கறேன். பதினோரு மாசமா மாநில ஆபீசுக்கு போன் பண்றேன். 'ஐயா, ஓடையில மண்ணு வந்துச்சா'ன்னு கேக்கறாங்க. வரலைன்னா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாதாம். வரட்டும். எங்கப்பன் மேடு, கரைஞ்சு என் வாசல் வழியா போகட்டும். நான் படம் எடுக்கறேன்."

"அப்ப உங்களுக்கு ஓடை முக்கியமில்ல."

"எனக்கு அவன் முக்கியம்," என்றான் ஹோபர்ட். "அவன் மண்டியிடறதை நான் பாக்கணும்."

அன்று மாலை பன்றியெலும்பு போட்டு வேகவைத்த பீன்ஸும் சோள ரொட்டியும் மேஜைக்கு வந்தன. ராய்ஸ் பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு தலை நிமிராமல் சாப்பிட்டான். பாதிச் சாப்பாட்டில் மெர்சரின் வெள்ளை வண்டி வந்து நின்றது. மெர்சர் தொப்பியைக் கழற்றாமலே சமையலறைக்குள் வந்தான். நாற்காலியை அவனே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"வாசம் தூக்குதே வெல்டா."

"சாப்பிடறீங்களா?"

"வேண்டாம். பெட்டியில நீங்க வெச்ச தாளைப் படிச்சேன். பசி போயிடுச்சு."

"உள்ளதைத்தான் எழுதினேன்."

"யார் இல்லைன்னா? ஆனா உள்ளதையெல்லாம் எழுதணுமா? குட்டை வேலை நடக்குதுன்னு எழுதுங்க. குச்சி நட்டிருக்கோமே, அது வேலை இல்லையா?"

"குச்சியில தண்ணி நிக்காது சார்."

மெர்சர் ராய்ஸைப் பார்த்தான். ராய்ஸ் வெங்காயத்தைப் பார்த்தான்.

"ராய்ஸ், இந்த வேலைக்கு ஆறு பேர் கேட்டாங்க. மேட்டை வாங்கின மரியாதைக்காக உனக்குக் குடுத்தேன். தாள் எழுத வேற ஆளை வெக்க எனக்கு அரை நாள் போதும். அதே அரை நாள்ல மண்ணு வெட்டவும் வேற ஆளை வெப்பேன். உன் வீட்டுப் பஞ்சாயத்தை நீயே முடிச்சிடு."

அவன் போனபிறகு ராய்ஸ் தட்டைத் தள்ளினான்.

"கேட்டுக்கிட்டியா?"

"காது நல்லாத்தான் இருக்கு."

"என்னடி வேணும் உனக்கு? நாலு வார்த்தை. நாலே வார்த்தை மாத்தி எழுதினா உன் கை ஒடிஞ்சிடுமா? பொக்லைன் கடன் இன்னும் முடியலை. இந்த வேலை போச்சுன்னா எனக்கு வேலை குடுக்க இந்தக் கவுண்டியில ஆள் கிடையாது. அறுபதாவது வயசுல யார் வீட்டுப் புல்லு வெட்டச் சொல்றே?"

"நாளைக்கு ஒரு நாள் பொக்லைனை எனக்குக் குடு. குட்டையை நானே வெட்டறேன். வெட்டிட்டேன்னு நானே எழுதறேன். பொய்யும் இல்ல, சண்டையும் இல்ல."

"பொக்லைன் மேல வேணும். மெர்சர்..."

"மெர்சர், மெர்சர்! அவனையே கட்டிக்கிட்டிருக்கலாமே நீ!"

ராய்ஸ் எழுந்து போய் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்தான். வெல்டா மிச்ச பீன்ஸை மூடிவைத்தாள். முப்பத்தோரு வருஷத்தில் இவன் தன்னிடம் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறான். கெஞ்சியது இதுதான் முதல் தடவை. அந்தக் கத்தலுக்குள் இருந்தது கெஞ்சல்தான் என்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் மனசு இளகவில்லை. இளகாததில் அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் தனியாக வேலை செய்தாள். டவுன் தீவனக்கடையில் இருந்த நாற்பது வைக்கோல் கட்டையும் வாங்கி, மூன்று நடையாகப் பிக்கப்பில் ஏற்றிவந்தாள். வேலியோரம் மண்வெட்டியால் காடி வெட்டி, தொங்கிய துணியை உள்ளே விட்டு மண் தள்ளி, மிதித்து மிதித்துப் போனாள். எண்ணூறு அடி வேலியில் இருட்டுவதற்குள் முந்நூறு அடிகூட முடியவில்லை. மேலே பொக்லைன் ஓடிக்கொண்டேயிருந்தது. மத்தியானம் வண்டிக்குள் உட்கார்ந்து ரொட்டிக்கு நடுவே வறுத்த இறைச்சித் துண்டை வைத்துத் தின்றபோது, ராய்ஸின் வண்டி வாசல் பக்கம் வந்து நின்றுவிட்டு உடனே திரும்பிப் போனதைப் பார்த்தாள். தன்னிடம் பேச வந்து மனசு மாறிப் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு மழை பிடித்தது. முதலில் தூறல், ஒன்பதரைக்கு வானம் கிழிந்து கொட்டியது. கான்கிரீட் ஆட்கள் வரவில்லை. மெர்சரும் வரவில்லை. மொட்டை மேட்டில் விழுந்த தண்ணீர் விரல் அகலத்துக்கு ஓடி, கை அகலமாகி, பிறகு ஆள் படுக்கும் அகலத்துக்கு அறுத்துக்கொண்டு இறங்கியது. தக்காளிக் குழம்பு மாதிரி தண்ணீர். வெல்டா வேலியோரம் ஓடி ஓடி வைக்கோல் கட்டுகளை முட்டுக்கொடுத்தாள். ஒரு கட்டை நிறுத்தினால் அடுத்த கட்டு சாய்ந்தது.

அப்போதுதான் பொக்லைன் மேலேயிருந்து இறங்கி வந்தது. சரிவில் வழுக்கி வழுக்கி, கையை முன்னால் ஊன்றி ஊன்றி ராய்ஸ் அதை இறக்கிக்கொண்டு வந்தான்.

"தள்ளிப் போ!" என்று கத்தினான். "குச்சிகிட்டேருந்து தள்ளிப் போடி, செத்துத் தொலையாதே!"

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா உனக்கு?"

"வாயை மூடிக்கிட்டு எங்க வெட்டணும்னு கையைக் காட்டு!"

அவள் கையைக் காட்டினாள். அவன் வெட்டினான். அந்த ஊரில் ராய்ஸ் மாதிரி பொக்லைன் ஓட்டுகிறவன் கிடையாது. அந்த மழையிலும் ஒவ்வொரு வாரலும் அளந்த மாதிரி விழுந்தது. வெட்டிய மண்ணைக் கரையாகப் போட்டு வாளியால் அறைந்து இறுக்கினான். முக்கால் மணி நேரத்தில் ஒரு வீடு அளவு குழி விழுந்தது. திட்டத்தில் இருந்தது அதைப்போல ஐந்து மடங்கு. பதினைந்து நிமிஷத்தில் குழி நிரம்பியது. கொஞ்ச நேரம் கரை தாங்கியது. பிறகு கரையின் ஒரு ஓரம், ஈரமான கேக் மாதிரி, சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது. குழி, கரை, வைக்கோல், துணி வேலி, முளை எல்லாம் சேர்ந்து பக்ஹார்ன் ஓடைக்குள் போயின.

கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு ஹோபர்ட் நின்றான். கேமராவை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாக வைத்துப் பிடித்திருந்தான்.

ராய்ஸ் பொக்லைனை விட்டு இறங்கவேயில்லை. வெல்டா திட்டுவதற்காக அருகே போனாள். அவன் முகம் அவள் எதிர்பார்த்த மாதிரி கோபமாக இல்லை. வெளிறிப்போய், வாசலில் இருந்த தபால்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மாநில அலுவலகத்திலிருந்து மிஸ் லோவெட் வந்தாள். முப்பது வயது இருக்கும். பேச்சு குறைவு. ஓடையில் இறங்கி, அளவுகோலைச் சேற்றுக்குள் சொருகி, எடுத்து, எழுதி, மறுபடி சொருகினாள். கூழாங்கல் தெரிய ஓடிய ஓடையில் முழங்கால் அளவுக்குச் செஞ்சேறு படிந்திருந்தது. மெர்சர் கண்ணாடி போல் துடைத்த பூட்ஸோடு அவள் பின்னாலேயே நடந்து, எதிர்பாராத மழை, கடவுள் செயல் என்று சொல்லிக்கொண்டு வந்தான்.

"மழை மூணு நாள் முன்னாலேயே சொன்னது சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் வாசலுக்கு வந்து தபால்பெட்டியைத் திறந்தாள். மேலாக இருந்த தாளை எடுத்துப் படித்தாள். ஒருமுறை சரிவைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"திங்கட்கிழமை அறிக்கை. 'குட்டை வெட்டி முடிந்தது, வேலி நல்ல நிலையில் உள்ளது.' வெல்டா ட்ரெட்வேங்கறது நீங்கதானே?"

"நான்தான்."

"இது நீங்க எழுதினதா அம்மா?"

தாள் வெல்டாவின் முகத்துக்கு நேராக நீட்டியிருந்தது. அவள் பெயர் அதில் இருந்தது. எழுத்து ராய்ஸுடையது. ஆங்கில 't' எழுத்துக்குக் குறுக்குக் கோடு போடாமல் விடுவது அவன் பழக்கம். கல்யாணமான புதிதில் வேலையிடத்திலிருந்து அவன் எழுதிய கடிதங்கள் எல்லாம் அப்படித்தான் இருக்கும். இன்று அவள் பெயரிலும் அந்தக் கோடு இல்லை.

மெர்சர் தொண்டையைச் செருமினான். ஹோபர்ட் கம்பிவேலியில் இரண்டு கையையும் ஊன்றிச் சாய்ந்து நின்றான். ராய்ஸ் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆமாம் என்று சொன்னால் பயிற்சி அட்டை போகும். அது போகட்டும், ஒரு அட்டை. இல்லை என்று சொன்னால் இவன் போவான். வெல்டாவுக்கு நேற்றைய மழை ஞாபகம் வந்தது, அளந்து விழுந்த வாரல்கள் ஞாபகம் வந்தன. கூடவே செவ்வாய்க்கிழமை தான் இடுப்பொடிய மண் மிதித்துக்கொண்டிருந்த நேரத்தில் இவன் வாசலில் நின்று தன் தாளைக் கிழித்திருக்கிறான் என்பதும் புரிந்தது.

"இல்ல," என்றாள். "நான் எழுதினது இது இல்ல. நகல் வண்டியில இருக்கு."

"அப்ப இதை எழுதினது யாரு?"

"எழுதின ஆளுக்கு வாய் இருக்கு. அந்த ஆளே சொல்லட்டும்."

மெர்சர் ராய்ஸின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தாங்க," என்றான் ராய்ஸ். "எழுதுன்னு அவகிட்ட கேட்டேன். மாட்டேன்னுட்டா. நானே எழுதி அவ பேரைப் போட்டேன்."

"எனக்குத் தெரியாது இது!" என்றான் மெர்சர் உடனே. "நான் இப்படியெல்லாம் சொல்லவே இல்லை!"

ராய்ஸ் முதல் தடவையாக அவனை நிமிர்ந்து பார்த்தான். "சமையல்கட்டுல தொப்பியோட உக்காந்து நீ சொன்னதை என் பொண்டாட்டியும் கேட்டா," என்றான். "அவளுக்குப் பொய் எழுத வராது. இப்பத்தான் பாத்தியே."

வேலை நிறுத்த உத்தரவு அன்றே வாசலில் ஒட்டப்பட்டது. அபராதம் மெர்சருக்கும் ராய்ஸுக்கும் வந்தது. மெர்சர் வக்கீல் வைத்துத் தன் பங்கைக் குறைத்துக்கொண்டு, ராய்ஸைக் கழற்றிவிட்டு வேறு ஆளை வைத்தான். அந்த ஆள் முதல் வேலையாகக் குட்டையை வெட்டினான். பொக்லைன் கடன்காரனிடம் திரும்பிப் போயிற்று. பொய்த்தாளுக்கு ராய்ஸ் மீது தனியாக வழக்கு வந்தது. நீதிபதி சிறைக்கு அனுப்பவில்லை. ஓடையை அவனே சுத்தம் செய்யவேண்டும் என்றார். இயந்திரம் இறங்கினால் ஓடைப்படுகை கெட்டுவிடும், ஆகவே மண்வெட்டியும் வாளியும்தான். முடியும் வரை வேலையை யாராவது பார்த்து எழுதவேண்டும். அட்டை இருக்கிறவர்கள் எழுதலாம்.

உத்தரவு ஒட்டிய நாளிலிருந்து ராய்ஸ் வெல்டாவிடம் பேசவில்லை. கொல்லையில் நின்ற பழைய டிரெய்லர் வண்டிக்குள் படுக்கையைக் கொண்டுபோனான். அவள் தட்டில் வைத்ததைச் சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான், அவ்வளவுதான். மே மாதம் ஓடையில் இறங்கினான். வெல்டா கரையில் நின்று எழுதினாள். ஒரு வாரம் எழுதியபிறகு அவளும் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை அவன்.

இருபத்திரண்டாம் நாள் ஹோபர்ட்டின் எல்லைக் கம்பி வந்தது. அதற்கு மேல் போகவேண்டுமானால் நிலக்காரன் சம்மதம் வேண்டும் என்று உத்தரவில் இருந்தது. ஹோபர்ட் ஏற்கெனவே வந்து வாயிற்கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றான். ராய்ஸ் முழங்கால் ஆழச் சேற்றில் நின்றபடி நிமிர்ந்து பார்த்தான்.

"உள்ள வரணும்," என்றான்.

"யாரு கேக்கறது?"

"கண்ணு தெரியலையா? உன் தம்பி."

"எனக்குத் தம்பி கிடையாது. அப்பன் மேட்டை வித்துட்டுப் போயிட்டான். வேற யாராவது இருந்தா கேக்கச் சொல்லு."

மண்வெட்டி பறக்கப் போகிறது என்று வெல்டா நினைத்தாள். ராய்ஸ் மண்வெட்டியைச் சேற்றில் குத்தி நிறுத்தினான்.

"மண்ணு வெட்டற ஆளு கேக்கறேன்," என்றான். "ஓடையில நான் விட்ட மண்ணை எடுக்கணும். உள்ள விடு."

ஹோபர்ட் அவனைப் பார்த்தான். இதற்காகத்தான் ஒரு வருஷம் காத்திருந்தான். கிடைத்தபிறகு அவன் முகத்தில் ஒன்றையும் காணோம். கேமராகூட அன்றைக்குக் கழுத்தில் இல்லை.

"ஏழு மணிக்கு முன்னால வரக்கூடாது. நாலு மணிக்கு மேல இருக்கக்கூடாது. மாட்டுப் பக்கம் போனே, சுட்டுடுவேன். நீ ஒரு நன்றிகெட்ட நாய், உன் வாளி என் புல்லுல ஒரு சொட்டு சிந்தினாலும் கேஸ் போடுவேன்," என்று சொல்லிவிட்டுக் கதவின் சங்கிலியைக் கழற்றி, கதவை அகலத் திறந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

வெல்டா கரையேறி, கையைத் துணியில் துடைத்து, படிவத்தை எடுத்து எழுதினாள். ராய்ஸ் சேற்றிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன எழுதினே?"

எழுபது நாளில் அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி. அவள் படித்துக் காட்டினாள்: "'நிலத்தின் உரிமையாளர் உள்ளே செல்ல அனுமதி தந்தார்.'"

"என்னை நாய்னானே, அதை எழுதலியா? உள்ளதை உள்ளபடி எழுதறவளாச்சே நீ."

"அதுக்கு இதுல கட்டம் இல்ல," என்றாள் வெல்டா.

ராய்ஸ் குனிந்து காலி வாளியை அவளிடம் தூக்கிக் கொடுத்தான். இருவரும் திறந்த கதவு வழியாக, புல்லில் சிந்தாமல், ஓடையோரமாகவே உள்ளே போனார்கள்.